முழுதாகப் படிக்காத கடிதத்துக்காக ஒரு பெங்களூர் பயணம்

இந்த வருடம், 2005 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பெங்களூர் போய்வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை, மெர்சி என்கிற தோழியிடம் மன்னிப்புக் கேட்க. துக்கம் நடந்த வீட்டுக்குத் தாமதமாகப் போக நேர்ந்தவர்களுக்கு இது உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

மெர்சியும் நானும் வேலூரில் ஒரே கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். அவள் இப்போது காக்ஸ் டவுனில் பள்ளி ஆசிரியை. நான் சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஏப்ரலில் அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் திரையில் அப்போது நாலு சாட் ஜன்னல்கள் திறந்திருந்தன, போனிலும் ஒருவர் காத்திருந்தார். "எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது" என்ற முதல் வரியைப் படித்ததும் "வாழ்த்துகள்டி! ட்ரீட் எப்போ?" என்று அடித்து அனுப்பிவிட்டு மூடிவிட்டேன்.

அதன் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. ஆகஸ்டில் அவளுடைய முகவரி தேவைப்பட்டு அந்தக் கடிதத்தைத் திறந்தபோதுதான் மிச்சத்தைப் படித்தேன். குழந்தை பதினொரு நாள்தான் இருந்தது. எஸ்தர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கடைசி வரியில், "முடிந்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ" என்று எழுதியிருந்தாள்.

சென்னை சென்ட்ரலில் காலை 7:15 வண்டி. உட்காரும் வகுப்பில் தொண்ணூற்றெட்டு ரூபாய். வழியெல்லாம் மேகமூட்டம். என்ன சொல்வது என்று காட்பாடி வரை யோசித்தேன், பிறகு யோசிக்கவும் முடியவில்லை. 12:50க்கு கண்டோன்மெண்ட் நிலையத்தில் இறங்கினேன். காக்ஸ் டவுன் போகிறவர்கள் அங்கேயே இறங்குவது நல்லது, சிட்டி ஸ்டேஷன் வரை போக வேண்டாம். ஆட்டோக்காரர் முதலில் கன்னடத்தில் பேசினார். என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "மீட்டருக்கு மேல பத்து ரூபா குடும்மா, மளே பர்த்தா இதே. மழை வருது பாரு, திரும்பச் சவாரி கிடைக்காது." பேரம் பேசத் தெம்பில்லை. மூன்று கிலோமீட்டர், கால் மணி நேரம்.

மெர்சியின் கணவர் வில்சன் கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "வாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் டீ போட ஆரம்பித்தார். மெர்சி இளைத்திருந்தாள்.

"நான் முழுசாப் படிக்கலடி. மன்னிச்சிடு" என்றேன்.

"தெரியும். படிச்சிருந்தா ட்ரீட் கேட்பியா?" கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். "அந்த மெயில ரெண்டு நாள் எழுதினேன். ப்ரௌசிங் சென்டர்ல சுத்தி பசங்க கேம் ஆடிட்டிருந்தாங்க. அழக்கூட முடியல. நாலு பேருக்கு அனுப்பினேன். உன் பதில் வந்தப்புறம் வேற யாருக்கும் எழுதல."

பிறகு மருத்துவமனையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். இரண்டு வாக்கியம்கூட ஆகியிருக்காது, என் பையில் போன் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. ஆனால் கண் பைக்குப் போய்விட்டது. அவள் நிறுத்தினாள்.

"பேசிட்டு வா."

"இல்ல, வேண்டாம். நீ சொல்லு."

"அவ்ளோதான்" என்று எழுந்துவிட்டாள். தலையணை உறைக்குத் துணி எடுக்க சிவாஜிநகர் போக வேண்டும் என்றாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. போனை அணைத்து, அவள் வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் நாலு ரூபாய் டிக்கெட், இருபது நிமிடம். நின்றுகொண்டே போனோம். சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் இறங்கினால் சனிக்கிழமைக் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். கறிக்கடை வாடை, ஹாரன், கூவி விற்பவர்கள். இதற்குள் எப்படிப் பேசுவது என்று நினைத்தேன். ஒரு துணிக்கடையில் வெள்ளைத் துணியை விரலால் நெருடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கும், கை விடுறதுக்கு..."

"இது சுருங்காதும்மா, மீட்டர் முப்பத்தஞ்சு" என்றார் கடைக்காரர்.

"ஸ்வல்ப இருங்க பாய்" என்றவள், விட்ட இடம் தெரியாமல் துணியைப் பார்த்தாள்.

"கை விடுறதுக்கு ஓட்டை" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா. நர்ஸ் ஒரு விரல் மட்டும் விடச் சொன்னாங்க."

"எஸ்தர் பிடிச்சாளா?"

மெர்சி துணியைக் கீழே வைத்தாள். "யாருமே அவ பேரச் சொல்றதில்லடி. 'குழந்தை'ன்னு சொல்றாங்க, இல்லேன்னா 'அது'ன்னு சொல்றாங்க." பிறகு, "பிடிச்சா. நல்லா இறுக்கிப் பிடிச்சா" என்றாள்.

கடையிலும் நடைபாதையிலும் திரும்பி வந்த பஸ்ஸிலுமாக இரண்டு மணி நேரத்தில் பதினொரு நாளையும் சொல்லி முடித்தாள். எத்தனையோ முறை யாரோ குறுக்கிட்டார்கள். ஒவ்வொரு முறையும் எங்கே நிறுத்தினாள் என்பதை நான் பிடித்து வைத்துக்கொண்டேன். அன்று என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மனம் ஒருமிக்க அமைதியான இடம் வேண்டும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அமைதியான அவள் வீட்டில்தான் நான் தவறினேன்.

அவள் என்னை மன்னித்தாள் என்று எழுத ஆசைதான். கிளம்பும்போது, "இனிமே மெயில் எழுத மாட்டேன். வந்தா வா" என்றாள். கேட்டைத் தாண்டி வெளியே வரவில்லை. சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்கு அருகே இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு அறை எடுத்துத் தங்கி, காலை 6:40 வண்டியில் திரும்பினேன். மனம் லேசாகவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மதியத்துக்குள் போய்ச் சேருங்கள், குடை வேண்டும், ஆட்டோவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே திரும்பும்படி டிக்கெட் எடுக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். இறந்தவரின் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள், அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

நவம்பரில் மறுபடி போனேன். மெர்சி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பிவிடலாம் என்று எழுந்த நான், ஏதோ தோன்றி, "நீங்க எப்படி இருக்கீங்க அண்ணா?" என்று வில்சனிடம் கேட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"கல்லறைக்குப் பெட்டியை நான்தான்மா தூக்கிட்டுப் போனேன்" என்றார். "கனமே இல்ல."

மறுபடி உட்கார்ந்தேன்.