அறுக்காத வயலில் ஜெர்மன் நடிகை

நாடகமும் நின்று, சினிமாவும் சரியாகக் கைகொடுக்காமல், திருவிடைமருதூர் பக்கத்தில் அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்.

எங்களுடையது பண்ணை வேலைக் குடும்பம். நடவு வயலில் என் குரலைக் கேட்டுத்தான் கட்சிக்காரர்கள் என்னை நாடகத்துக்குக் கூட்டிப் போனார்கள். நிலம் உழுகிறவனுக்கே சொந்தம் என்று மேடையில் நான் வசனம் பேசினால் கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாகும். பிறகு கட்சி ஆட்சிக்கு வந்தது. எங்களை யாரும் போகச் சொல்லவில்லை. கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். மெட்ராஸுக்குப் போய்ச் சில படங்களில் கதாநாயகிக்குப் பின்னால் குடத்தோடு நின்றேன். அதுவும் குறைந்தது. ஊருக்கு வந்துவிட்டேன்.

அந்தத் தை மாதம் மெட்ராஸிலிருந்து ஏஜெண்ட் ஒருவர் ஆள் அனுப்பினார். ஜெர்மனியிலிருந்து ஒரு கம்பெனி டெலிவிஷன் படம் எடுக்க வருகிறது, பழைய காலத்தில் இங்கே வந்த ஜெர்மன் பாதிரியார் ஒருவரின் விதவையைப் பற்றிய கதை, அந்த அம்மாவுக்கு வேலைக்காரியாக நான் நடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வசனம் அதிகமில்லை. குடை பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். சரி என்றேன்.

விதவையாக நடிக்க வந்தவருக்கு அறுபதை நெருங்கிய வயது. உயரமான உடம்பு, கொஞ்சம் கூன். கறுப்புக் கம்பளித் துணியில் கழுத்து வரை மூடிய உடுப்பு. முதல் நாள் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஏதோ சொன்னார்.

"நீங்க எத்தனை வருஷமா நடிக்கிறீங்கன்னு கேக்குறாங்க, தங்கச்சி" என்றார் பாய்.

பாய் கூத்தாநல்லூர்க்காரர். கப்பலில் சமையல்காரராகப் போய், ஜெர்மனியில் ஒரு துறைமுக ஊரில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்தப் பாஷை தெரிந்த ஆள் வேறு யாரும் சுற்றுவட்டாரத்தில் கிடைக்காததால் அவரை மொழிபெயர்க்க வைத்திருந்தார்கள்.

படப்பிடிப்பு என்பது பெரும்பாலும் காத்திருப்பதுதான். வெயில் சரியில்லை, கேமரா சரியில்லை, டைரக்டருக்கு மனசு சரியில்லை என்று ஏதாவது ஒன்று. எங்கள் ஊர் மிராசுதாரின் வயலில்தான் படமெடுத்தார்கள்; நாங்கள் மூவரும் அவருடைய பம்புசெட் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருப்போம். அந்த அம்மா மெதுவாகப் பேசுவார். பாய் தமிழில் சொல்வார். அப்படித்தான் அவர் கதை எனக்குத் தெரிந்தது.

அவருடைய அப்பாவுக்கு ரயில்வேயில் கைகாட்டி இறக்குகிற வேலை. பதினேழு வயதில் ஊர் நாடக அரங்கத்தில் சேர்ந்தார். முதலில் திரைக்குப் பின்னால் நின்று மற்றவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒரு நடிகைக்குக் காய்ச்சல் வந்த அன்று மேடை ஏறினார். கல்யாணம் ஆனது. உலகச் சண்டை வந்தது. கடைசியில் அரங்கங்களையெல்லாம் மூடிவிட்டு நடிகர்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்களாம். சண்டைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. செத்தார் என்றும் யாரும் சொல்லவில்லை.

"சண்டை முடிஞ்சதும் கூரை போன ஒரு கொட்டகையில நாடகம் போட்டாங்களாம். டிக்கெட்டுக்குப் பதிலா ஜனங்க ஆளுக்கொரு கரிக்கட்டி கொண்டாந்து போடுவாங்களாம், குளிர் காய" என்றார் பாய். "அப்பத்தான் நல்லா நடிச்சேன்னு சொல்றாங்க. பசியில குரல் சன்னமா, சுத்தமா வந்துச்சாம்."

பிறகு சினிமா. மலைநாட்டுக் காட்டில் வாழும் பெண்ணாகச் சில படங்கள். சுவரெல்லாம் அவர் முகம். கூட நடித்த நடிகருக்குக் காதலியாக இரண்டு படம் செய்தார். நாற்பது தாண்டியதும் அதே நடிகருக்கு அம்மாவாக நடிக்கக் கூப்பிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்கேயும் அப்படித்தான்னு சொல்லுங்க, பாய்."

பாய் சொன்னார். அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் முன்னைவிடச் சோர்ந்து போனது. அதற்கப்புறம் வாடகை வீட்டுக்காரி, கன்னியாஸ்திரீ, கொலையைப் பார்த்த சாட்சி என்று சின்ன வேடங்கள். இந்த விதவை வேடம் பல வருஷத்துக்குப் பிறகு கிடைத்த பெரிய வேடம். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

நாங்கள் உட்கார்ந்திருந்த கொட்டகையைச் சுற்றி சம்பா முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. அறுக்க ஆள் இறங்கவில்லை. அறுப்புக் கூலியை உயர்த்தித் தந்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். வரப்பில் செங்கொடி நட்டிருந்தது. மிராசுதார் மேற்கேயிருந்து வெளியாட்களைக் கொண்டுவரப் பார்த்தார்; ஊர் எல்லையிலேயே மறித்துத் திருப்பிவிட்டார்கள். மாரியம்மன் கோயிலடியில் போலீஸ் வேன் நின்றது. என் அண்ணன் சங்கத்தில் இருந்தார். பகலில் மிராசுதார் வயலில் வேஷம் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, சாயந்திரம் அண்ணன் வீட்டில் சாப்பிட உட்காருவேன். அவர் எதுவும் கேட்க மாட்டார். அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

டைரக்டருக்கு ஓர் அறுவடைக் காட்சி வேண்டும். ஜனங்கள் அறுத்துக்கொண்டிருக்க, விதவை நடுவே நடந்து வர வேண்டும். மிராசுதார் இதைக் கேட்டதும், வயலும் தருகிறேன், ஆளும் தருகிறேன் என்றார். மறுநாள் காலையில் கேமரா வண்டிக்குப் பின்னாலேயே ஒரு லாரி வந்தது. லாரி நிறைய வெளியூர் ஆட்கள், கையில் அரிவாளோடு. சினிமா ஷூட்டிங்குக்குப் பாதுகாப்பு என்று போலீஸ் வேனும் கூடவே வந்து நின்றது.

சாலையில் எங்கள் தெரு ஆட்கள் திரண்டுவிட்டார்கள். அண்ணன் முன்னால் நின்றார். நான் வேலைக்காரி வேஷத்தில் குடையோடு அவரிடம் போனேன்.

"நீ உன் வேலையப் பாரு" என்றார். "உன்னை ஒண்ணும் சொல்லல. ஆனா அருவா வயல்ல எறங்குனா நாங்களும் எறங்குவோம். அப்புறம் நடக்கறது நடக்கட்டும்."

திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். பாய் அந்த அம்மாவிடம் சொன்னார். அவர் சாலையில் நின்ற கூட்டத்தையும் லாரியையும் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். பாய் அதை மிராசுதாரின் காரியக்காரரிடம் கேட்டார்.

"கேமராவ நிறுத்துனதும் இவங்களும் அறுக்கறத நிறுத்திடுவாங்களா?"

காரியக்காரர் பாயை ஏற இறங்கப் பார்த்தார். "பழுத்த பயிரை யாராச்சும் பாதியில விடுவாங்களா, பாய்? இன்னைக்கே களத்துக்குப் போயிடும்."

பாய் அதையும் ஜெர்மனில் சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் உடுப்பின் கைப்பட்டனைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு டைரக்டரிடம் போனார். இருவரும் வெகு நேரம் பேசினார்கள். டைரக்டர் கையை வீசினார், தொப்பியைக் கழற்றினார். இவர் குரலை உயர்த்தவே இல்லை.

"என்ன பாய் சொல்றாங்க?"

"இந்தக் காலை வெயில்ல மூஞ்சி சுருக்கமெல்லாம் தெரியும், நான் நடிக்க மாட்டேங்கறாங்க. சாயந்திர வெளிச்சத்துல எடுங்க, ஆளே வேணாம், நெல்லு நிக்கட்டும், விதவை தனியா நடந்து வந்தாத்தான் விதவைங்கறாங்க."

டைரக்டரும் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூட்டம் இன்னும் பெரிதாகியிருந்தது. கடைசியில் கேமராவை வண்டியில் ஏற்றச் சொன்னார். ஷூட்டிங் இல்லையென்றதும் போலீஸ் அதிகாரி காரியக்காரரைக் கூப்பிட்டு, லாரியை இங்கே நிறுத்த வேண்டாம் என்றார். மத்தியானத்துக்கு முன்னால் லாரி வந்த வழியே போய்விட்டது.

சாயந்திரம் அந்தக் காட்சியை எடுத்தார்கள். ஒற்றையடி வரப்பில், இரண்டு பக்கமும் நெல் நிற்க, அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் குடை பிடித்தேன். டைரக்டர் கோபத்தில் இருந்தார். திரும்பத் திரும்ப நடக்க வைத்தார். கம்பளி உடுப்பு முதுகோடு நனைந்து ஒட்டிக்கொண்டது. முடிந்ததும் அவர் வாய்க்கால் மதகில் உட்கார்ந்துவிட்டார். நான் பூட்ஸைக் கழற்றினேன். கால் வீங்கியிருந்தது. தண்ணீர் அள்ளி ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க ஜனங்களுக்காகச் செஞ்சாங்களான்னு கேளுங்க, பாய்."

பாய் கேட்டார்.

"இல்லையாம். கால்வலியாம். அவ்வளவு கூட்டத்தோட எடுத்தா நாள் முழுக்க நிக்கணும், சீக்கிரம் முடியட்டும்னு சொன்னாங்களாம்." பாய் தாடியைத் தடவினார். "நெசமோ பொய்யோ, நடிக்கிறவங்க பேச்சு நமக்கென்ன தெரியும்."

அந்த அம்மா கண்ணைத் திறந்து என்னிடம் ஒன்று கேட்டார். இன்னும் எவ்வளவு காலம் நடிப்பாய் என்று.

"கூப்பிடற வரைக்கும்" என்றேன்.

அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "கூப்பிட மாட்டாங்க, நாமதான் போயி நிக்கணும்கறாங்க" என்றார் பாய்.

கம்பெனி அந்த வாரமே தரங்கம்பாடிப் பக்கம் போய்விட்டது. கடற்கரைக் காட்சியில் வேலைக்காரி கிடையாது. கிளம்பும்போது மிராசுதார் வீட்டு வாசலில் அந்த அம்மா என் கன்னத்தில் கை வைத்தார். காரில் ஏறியதும் தூங்கிவிட்டார் என்று பாய் பின்னால் சொன்னார்.

கூலித் தகராறு தஞ்சாவூரில் அதிகாரிகள் முன்னிலையில் பேசித் தீர்ந்தது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. அதற்குள் அண்ணனை வேறொரு கேஸில் பிடித்துப் போய் லாக்கப்பில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் பல நாள் படுத்தே கிடந்தார். முற்றிய நெல் வயலில் உதிர்ந்தது போக மிச்சத்தைத்தான் அறுத்தார்கள். சில வருஷம் கழித்து, நான் நாடகம் போட்ட கட்சியின் கரைவேட்டிக்காரர் ஒருவர் வந்து, நாங்கள் குடியிருந்த மனைக்குப் பட்டா கொடுத்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "இப்பல்லாம் நாடகம் இல்லீங்களா?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன்.

அதற்கும் பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கூத்தாநல்லூர் போயிருந்தபோது பாயைப் பார்த்தேன். மகன் அரபு நாட்டில் சம்பாதித்துக் கட்டிய வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது என்றார். கடைசி வரை நடித்தாராம். நடக்க முடியாமல் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசும் வேடங்களை மேடையில் செய்தாராம். வயதான நடிகர்களுக்கென்று இருக்கும் ஒரு விடுதியில் உயிர் போனதாம்.

"படம் வந்துச்சா, பாய்?"

"அங்க டிவியில வந்துச்சாம். அந்த வயல் சீன் ஒரு நிமிஷம்கூட இல்லியாம்."

பாய் டீ வரவழைத்தார். குடித்தேன். நான் மறுநாள் மெட்ராஸில் இருக்க வேண்டும். ஒரு படத்தில் பெரியம்மா வேடம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. பாய் கை கொடுத்தார்.