வீட்டுச் சாப்பாட்டுக் குளவிகள்

அட்டையில் கோந்து தடவி, அதன்மேல் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளைத் தூவிக்கொண்டிருந்தாள் என் தம்பி மனைவி. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் குளவிகளை வளர்ப்பது அவள் வேலை. அவை பூச்சி முட்டைக்குள் தங்கள் முட்டையை வைக்கும். புழு வரவேண்டிய இடத்தில் குளவி வரும். அப்படியான முட்டை கறுத்துவிடும். கறுத்த அட்டையைத் தக்காளிச் செடியில் கட்டினால் காய்ப்புழுவுக்கு மருந்து தேவையில்லை.

அந்தப் பருவம் அட்டை கட்டியும் காயெல்லாம் ஓட்டை.

"உன் குளவிங்க ஸ்ட்ரைக்கா?" என்றான் தம்பி. "அடுத்த நடவுலயும் இப்படின்னா மருந்துதான்."

மருந்தடித்தால் அவனுக்கு மூச்சு இழுக்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைப்பவள் நான். இனி அவன் நெஞ்சு தாங்காது என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன்.

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. கண்ணாடிக் குழாயில் அந்து முட்டையையும், காய்ப்புழு முட்டையுள்ள இலையையும் வைத்துக் குளவிகளை விட்டாள். ஏறக்குறைய எல்லாமே அந்து முட்டையில் மொய்த்தன.

"பாருங்கக்கா. தலைமுறை தலைமுறையா இதுலயே பொறந்ததுங்க. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழகிடுச்சு. நான்தான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்."

"பட்டினி போடேன்."

"செத்துடும்க்கா. இலைக்குப் போச்சே ஒண்ணு ரெண்டு, அதுங்க பிள்ளைங்கள வச்சு வளர்க்கிறேன்."

இலையில் கறுத்த முட்டைகளை மட்டும் பிரித்தாள். அவற்றிலிருந்து வந்த குளவிகளுக்கு மறுபடி இலை முட்டையே. அதற்காக வெயிலில் இலை இலையாகப் புரட்டினாள். முதலில் கறுத்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு தலைமுறைக்குத் தலைமுறை கறுப்பு கூடியது. கொழுகொழுவென்று பெருகியிருந்த பழைய கூட்டத்தை யோசிக்காமல் அழித்தாள். எண்ணிக்கை வேண்டுமே என்று கடைசி ஒரு தலைமுறைக்கு மட்டும் அந்து முட்டை கொடுத்தாள்.

அடுத்த நடவு பூத்தது. அட்டைகளைக் கட்டினாள். தம்பி மருந்தடிக்கும் கருவியைத் துடைத்து வாசலிலேயே வைத்திருந்தான். சில நாள் கழித்து, ஒரு மாலை மூவருமாக இலை புரட்டினோம். புள்ளி புள்ளியாகக் கறுப்பு.

"மண்ணு ஒட்டியிருக்கு" என்றான்.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பேசுங்க" என்றாள்.

போட்டுக்கொண்டு பார்த்தான். அடுத்த இலையைத் தானே புரட்டினான்.

மறுநாள் காலை கருவியைப் பரணில் ஏற்றினான். வெள்ளை முட்டை மிச்சமிருந்த இலைகளாகத் தேடிப் பறித்து வந்து அவள் மேசையில் வைத்தான்.

"இந்தா, உன் பொண்ணுங்களுக்கு டிபன். மறுபடி வீட்டுச் சாப்பாடா போட்டுக் கெடுத்துடாத."

அவள் குழாயின் வாயை அடைத்திருந்த பஞ்சை எடுத்து, இலையை உள்ளே நுழைத்தாள்.