ப்ளீஸ் சொல்லாத ஒரு கால்

ஹெட்செட் ஸ்பாஞ்சுல எப்பவும் யாரோட தேங்காண்ணெய் வாசனையாவது இருக்கும்... பெங்களூர் அடுகோடியில எங்க கால் சென்டர் ஆபீஸ்ல ஹெட்செட் ஆளுக்கு ஒண்ணு கிடையாது, சீட்டுக்கு ஒண்ணு.

ஆம்பூர்லேர்ந்து வந்து வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆஸ்திரேலியாக்காரங்க லேப்டாப் ரிப்பேர்னு போன் பண்ணுவாங்க, நாங்க வழி சொல்லணும். ஆனா எதையும் நேரா சொல்லிடக் கூடாது. ஒரு ஸ்விட்சை அமுக்கச் சொல்றதுக்கு "மே ஐ ரிக்வெஸ்ட் யூ டு"ன்னு ஆரம்பிச்சு, நடுவுல ஒரு "கைண்ட்லி" போட்டு, "தேங்க்யூ ஃபார் யுவர் பேஷன்ஸ்"ல முடிக்கணும். நாங்க பேசின ரெக்கார்டைக் கேக்கற கால் ஆடிட்ல ப்ளீஸ் குறைஞ்சா மார்க் போயிடும். ப்ரொபேஷன்ல இருக்கறவன் ஃபெயிலானா, மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குத்தான்.

இதையெல்லாம் சொல்லிக் குடுத்த டீம் லீடர் ஷோபா மேடம் எங்ககிட்ட ஒரு நாளும் ப்ளீஸ் சொன்னதில்ல. தாத்தா காலத்துலேர்ந்து பெங்களூர்லயே, ஸ்ரீராம்புரத்துல இருக்கற தமிழ்க் குடும்பம்.

"ஏய், ஊட்டா ஆய்த்தா? எந்திரி, போய் சாப்ட்டு வா."

சாப்ட்டாச்சான்னு கன்னடத்துல ஒரு கேள்வி, தமிழ்ல ஒரு அதட்டல். அவ்ளோதான்.

ப்ரொபேஷன் முடியற வாரம், ஒரு வயசான அம்மா லைன்ல வந்தாங்க. லேப்டாப்லேர்ந்து புகை வருதாம்... அதை மடியில வச்சுக்கிட்டே நிதானமா பேசறாங்க. நானும் பழக்கதோஷத்துல "மேடம், மே ஐ ரிக்வெஸ்ட் யூ டு..."ன்னு ஆரம்பிச்சேன்.

அந்தப் பக்கம் பட்டுனு ஒரு சத்தம்.

"புட் இட் டவுன்! ஸ்விட்ச் ஆஃப்! கெட் அவுட்!"

நான் கத்தின கத்துல மொத்த ஃப்ளோரும் திரும்பிப் பாத்துச்சு.

அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு போன்லயே தேங்க்ஸ் சொன்னாங்க. ஆடிட்ல நான் ஃபெயில். கஸ்டமரையே கெட் அவுட்னு சொன்னவன்னு ஆபீஸ் பூரா சிரிப்பு வேற.

பையை எடுத்துக்கிட்டு லிஃப்ட் கிட்ட நின்னேன். மேனேஜர் ரூம்லேர்ந்து வெளிய வந்த ஷோபா மேடம், நடந்துக்கிட்டே சொன்னாங்க.

"நாளைக்கு ஷிஃப்டுக்கு வா. லேட்டா வந்த, தோலை உரிச்சுடுவேன்."

உள்ள என்ன பேசினாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. நானும் கேக்கல.

அது நடந்து பல வருஷம் ஆச்சு. போன வாரம், இப்ப இருந்த கம்பெனியில என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. மெயில்லதான். லேப்டாப்பை "அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்" திருப்பிக் குடுக்கணுமாம். கைண்ட்லி இருந்துச்சு, ப்ளீஸ் இருந்துச்சு, தேங்க்யூவும் இருந்துச்சு. எங்க பழைய ஆபீஸ் ஆடிட்ல அந்த மெயில் ஃபுல் மார்க் வாங்கியிருக்கும்.

படிச்சுட்டு சீட்லயே உக்காந்திருந்தேன்... மத்தியானம் ஆயிடுச்சு. எந்திரி, போய் சாப்ட்டு வான்னு சொல்ல அந்த ஃப்ளோர்ல ஒரு ஆள் இல்ல.