தெரியாது என்றால் தெரியாது

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அந்தப் பழைய வெள்ளைக் காரில், கற்றுக்கொள்பவர் பயப்படுவதற்கு முன்பே அவள் கால் அமுக்கிவிடும்.

"எல்லாத்தையும் நீங்களே அமுக்கிட்டா நாங்க எப்ப கத்துக்கிறது?" என்று நொந்துகொள்வார்கள்.

"முழுசா வீட்டுக்குப் போறீங்கல்ல, அப்புறம் என்ன?" என்பாள். வாய்க்குக் குறைச்சல் இல்லாதவள். இடித்துக்கொண்டு வரும் லாரிக்காரரையே கண்ணாடியை இறக்கி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவாள்.

அவளும் வாயடைத்துப்போன நாள் ஒன்று உண்டு. அவளுடைய கூடப்பிறந்த அக்கா சின்ன வயதிலேயே மார்பகப் புற்றுநோயில் போய்விட்டாள். இவளுக்கும் பார்த்துவிடலாம் என்று மரபணு டாக்டர் ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். உடம்பில் கட்டி வளராமல் தடுக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. அமினோ அமிலம் என்ற மணிகளை வரிசையாகக் கோத்தது அது. இவளுடைய வரிசையில் ஓரிடத்தில் மட்டும் வழக்கமான மணிக்குப் பதிலாக வேறொரு மணி.

"அப்போ எனக்கும் வருமா டாக்டர்?"

"தெரியாதும்மா. இது கெடுதல் பண்ற மாற்றமா, சும்மா இருக்கிற மாற்றமான்னு இன்னைக்கு யாருக்குமே தெரியாது. தெரிஞ்சா சொல்றேன். அதுவரைக்கும் இதை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க."

இதைவிட நேர்மையாக ஒரு மனிதர் பேச முடியாது. ஆனால் இவள் வீட்டில் 'தெரியாது' என்ற சொல்லுக்கு வேறு அகராதி. அக்கா படுக்கையில் கிடந்தபோது, அவளைப் பார்த்த டாக்டர்கள் எல்லோர் முன்னாலும் "இப்போதைக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்கள். பிறகு அப்பாவை மட்டும் வெளியே கூப்பிட்டுத் தெரிந்ததையெல்லாம் சொன்னார்கள். அப்பா உள்ளே வந்து, "தெரியாதுங்கிறாங்க" என்று மென்று விழுங்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் வாயில் 'தெரியாது' வந்தால், தெரியும், சொல்ல மனசு வரவில்லை என்று அர்த்தம். இந்தப் பாடத்தை அக்காவின் சாவோடு சேர்த்துப் படித்தவள், டாக்டர் பூசி மெழுகுகிறார் என்றே எடுத்துக்கொண்டாள். மறுபேச்சுப் பேசாமல் எழுந்து வந்தாள்.

அப்போது கல்யாணமான புதிது. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்ப்பவர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார்.

"நமக்குப் பிள்ளை வேண்டாங்க. என்கிட்ட இருக்கிறது அதுக்கும் போயிடும்," என்றாள்.

"சரி," என்றார் அவர்.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று குடைவார்கள். "இருக்கே, காருக்குப் புது டயர் போட்டிருக்கோம்," என்று சிரிக்காமல் சொல்வாள். ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் கைக்குழந்தையை நீட்டினால், "கையெல்லாம் கிரீஸ்" என்று பின்வாங்குவாள். அவள் கையில் கிரீஸ் இருந்து யாரும் பார்த்ததில்லை.

மாதவிலக்கு நின்றுபோன வருடத்தில் அந்த டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"நல்ல செய்திம்மா. அந்த மாற்றம் தீங்கில்லாததுன்னு உறுதியாயிடுச்சு. ஆரோக்கியமா இருக்கிற எத்தனையோ பேர்கிட்ட அது இருக்கு. புரதமும் அதோட வேலையை ஒழுங்காத்தான் செய்யுது. அக்காவுக்கு வந்ததால வழக்கமான பரிசோதனையை மட்டும் விட்டுடாதீங்க."

"அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே..."

"நிஜமாவே தெரியாதும்மா."

"ஆமா டாக்டர். தெரியாதுன்னா தெரியாதுன்னுதான் அர்த்தம்னு எனக்குத்தான் தெரியாம போச்சு."

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "நீ நல்லா இருப்பே" என்பதைத் தவிர வேறு எதுவும் அவருக்கு வரவில்லை. இத்தனை வருடமும் அந்த மனிதர் எதற்குப் பயந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளே கொதித்தது.

"எனக்குக் கோவமா வருதுங்க."

"யார் மேல?"

"அதான் பிரச்சினை. டாக்டர் உண்மையைத்தான் சொன்னாரு. அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. யாரைப் போய்த் திட்டுறது?"

"என்னைத் திட்டு. நான்தானே பக்கத்துல இருக்கேன்."

கேட்க வேண்டுமா? ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதில் ஆரம்பித்தாள். கொடுத்த காசுக்கு மிச்சம் கேட்டு வாங்கத் தெரியாததைச் சொன்னாள். தெருவில் எவன் இடித்தாலும் ஒதுங்கிப் போவதைச் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது.

"நான் பிள்ளை வேண்டாம்னப்போ ஏன் உடனே சரின்னீங்க? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தா, நான் டாக்டர்கிட்ட இன்னொரு தடவை போய்க் கேட்டிருப்பேனே. உங்களுக்குப் பிள்ளை வேணும்னே தோணலையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வேணும்னுதான் இருந்துச்சு," என்றார். "இப்பவும் இருக்கு."

அதற்குமேல் அவளால் திட்ட முடியவில்லை. அவர் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்," என்றாள்.