எல்லாக் கடிதங்களையும் கேட்ட பிலோமினா அக்கா

நயினாதீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசையில் நின்றபோது அந்தோனி அண்ணை தொலைபேசியில் அழைத்தார். மண்டைதீவுக் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர். வழக்கமாக மழை, மீன்விலை, முழங்கால் நோ எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகே விஷயத்துக்கு வருகிறவர், அன்று நேராகச் சொன்னார்.

“தம்பி, பிலோமினா அக்கா மோசம் போயிட்டா. விடியப்புறம் சீவன் போட்டுது.”

படகு வந்தது, நான் ஏறவில்லை. அம்மனுக்கு வாங்கிய பூவைப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணம் போகிற பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். மண்கும்பான் தாண்டும்வரை எனக்கு அழுகை வரவில்லை. மண்டைதீவுச் சந்தி கடந்து, இரண்டு பக்கமும் கடல் தெரிகிற இடத்தில், வீதிக்குக் கீழே கடல்நீர் போய்வருகிற அந்த மதகைப் பார்த்ததும் வந்தது. பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ, மெல்ல ஜன்னலைத் திறந்துவிட்டார்.

பிலோமினா அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தச் சங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக எழுதுவினைஞராக இருந்தவர். ஆண்கள் கடலில் நிற்கிற நேரம் ஊருக்கு வருகிற அரச கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதியவர் அவர்தான். குள்ளமான உருவம், பெரிய கறுப்புக் குடை, கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை. திருமணம் செய்யவில்லை. கேட்டால், “இந்த ஊர் ஆம்பிளையளுக்குக் கடிதம் எழுதவே எனக்கு நேரம் காணாது” என்பார்.

நான் அவரை முதலில் சந்தித்தது அவரை எதிர்க்கிற இடத்தில் இருந்துகொண்டு. யாழ்ப்பாணத்தில் வீதி வேலைகளைக் கவனிக்கிற ஒரு அலுவலகத்தில் கோப்புப் பிரிவில் இருந்தேன். நகரின் பண்ணைப் பக்கத்திலிருந்து தீவகம் போகும் பெருவீதியை உயர்த்தி அகலமாக்கும் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து சிறிது காலம்தான். அதன்கீழ் வருகிற விண்ணப்பங்களுக்குப் பதில் தயாரிக்கிற வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. பொதுமக்கள் கோப்பைத் தொடுவதென்றால் எனக்கு என் அலுமாரிக்குள் யாரோ கையை விடுகிற மாதிரி.

அக்கா வந்து கதிரையில் இருந்தார். விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். “வீதி வேலை சம்பந்தமாக, பழைய மதகு பற்றி, உங்கட கந்தோர் எழுதின கடிதமும் உங்கட கந்தோருக்கு வந்த கடிதமும், எல்லாம் வேணும் தம்பி.”

வீதியின் கீழே ஒரு பழைய மதகு இருந்தது. கடல்நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்வருவது அதனூடாகத்தான். அந்த ஓட்டத்தோடுதான் இறால் வரும். சிறகுவலை போடுகிற குடும்பங்கள் அதை நம்பி இருந்தன. புதிய திட்டத்தில் அந்த மதகை மூடப்போகிறார்கள், ஊரே அதற்குச் சம்மதித்துவிட்டதாம் என்று ஒரு பேச்சு அடிபட்டது. சம்மதித்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். கோவிலில் பூசைநேரம் ஒரே வாங்கில் நெருங்கி உட்கார்ந்தவர்கள் வேறு வேறு வாங்குக்குப் போனார்களாம்.

“அக்கா, அது உள்ளக விசயம். தர ஏலாது” என்றேன்.

“உள்ளக விசயமோ? ரோட்டு வெளியிலதானே தம்பி கிடக்கு.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கோப்பைத் திறந்தும் பாராமல் மறுப்புக் கடிதம் தயாரித்து மேலதிகாரியின் கையெழுத்தை வாங்கினேன். அதை வாங்க வந்த அக்கா நின்ற நிலையில் முழுவதையும் வாசித்தார். “திகதி போடேல்லை. மாட்டன் எண்டதையும் ஒழுங்காத் தாரும்” என்றார். திகதி போட்டுக் கொடுத்தேன். அதை வைத்தே மேன்முறையீடு செய்து வென்றார். கோப்பை அவருக்குக் காட்டும்படி எங்களுக்கு உத்தரவு வந்தது.

இரண்டு நாள் எங்கள் கோப்பறையில் இருந்து வாசித்தார். முதல் நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம் பிட்டும் மீன்குழம்பும் கட்டிய பார்சலைத் திறந்து, பாதியை ஒரு கடதாசியில் வைத்து என் பக்கம் தள்ளினார். “கோவம் வேற, சாப்பாடு வேற” என்றார். சாப்பிட்டேன். அந்தக் குழம்பின் ருசியை இன்னும் நான் மறக்கவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் ஒரு தாளை எடுத்தவர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்.

“தம்பி, இது என்ர எழுத்து.”

எட்டிப் பார்த்தேன். மதகை மூட ஊரவர் சம்மதம் தெரிவித்துள்ளனர் என்று எங்கள் அலுவலகம் எழுதிய ஒரு கடிதம். அதற்கு இணைப்பாக ஒரு பெயர்ப்பட்டியல், எல்லாப் பெயரும் ஒரே ஆளின் எழுத்தில்.

நடந்தது இதுதான். திட்டத்தை விளக்க ஒரு நாள் அதிகாரிகள் சங்க மண்டபத்துக்கு வந்திருக்கிறார்கள். வந்தவர்களின் பெயரெழுத ஒரு தாள் சுற்றி வந்திருக்கிறது. பாதிப்பேர் கடலில். அக்கா தன் பழக்கப்படி எல்லோருடைய பெயரையும் தானே எழுதிவிட்டார். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் நிவாரணப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டுக்கு அரிசியும் இல்லை, கூரைக்குத் தறப்பாளும் இல்லை. அப்படி விடுபட்டு மழையில் நனைந்த ஒரு குடும்பத்தை அவர் கண்டவர். அன்றிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் ஊரில் ஒரு பெயரையும் அவர் விட்டதில்லை. ஊரும் அதை அவருடைய கடமை என்றே எடுத்துக்கொண்டது.

“மேல ஒண்டும் எழுதிக் கிடக்கேல்லை தம்பி. நானும் கேக்கேல்லை” என்றார்.

அந்தக் கடிதத்துக்கு இணைப்புச் சேர்த்தவன் நான். ‘ஊரவரின் சம்மதப் பட்டியலை இணைக்கவும்’ என்று மேலிருந்து குறிப்பு வந்தது. கோப்பில் ஊரவர் பெயரோடு இருந்தது அந்த ஒரு தாள்தான். அது என்ன தாளென்று பாராமல் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி அனுப்பினேன். இதை அவரிடம் சொன்னேன்.

“அப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வேலைதான் செய்திருக்கிறம்” என்றார்.

அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. இந்தத் தாள் ஊருக்குப் போனால் அவருடைய நிலை என்னவாகும்? “அக்கா, இந்த ஒரு தாளை விட்டிட்டு மிச்சத்தைப் பிரதி எடுத்துத் தரட்டோ?” என்று கேட்டேன். நல்ல மனதோடுதான் கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் கேட்டது எல்லாக் கடிதமும் தம்பி. எனக்குப் பிடிச்ச கடிதம் மட்டுமில்லை.”

ஞாயிறு பூசை முடிந்ததும் சங்க மண்டபத்தில் அவர் எல்லாவற்றையும் உரக்க வாசித்ததாக அந்தோனி அண்ணை பின்னர் சொன்னார். தன்னுடைய எழுத்து இருந்த தாளை முதலில் வாசித்தாராம். “அப்ப எங்களை வித்தது நீதானோ?” என்று ஒருவர் கத்தியிருக்கிறார். அக்கா மறுத்துப் பேசவில்லை. “எழுதினது நான்தான். பிழை என்ர. திருத்திறதும் நான்தான்” என்றாராம்.

அதன்பிறகு வீடு வீடாகப் போனார். ‘மதகு மூடப்படக்கூடாது. முன்னைய பட்டியல் கூட்டத்துக்கு வந்தோரின் வரவுக்காக என்னால் எழுதப்பட்டது, சம்மதத்துக்காக அல்ல’ என்ற தலைப்பு வாசகத்தை ஒவ்வொரு வாசலிலும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் குடையோடு காத்து நின்றார். கத்திய மனிதர் கடைசியாகக் கையெழுத்து வைத்தார்.

நானும் என் தவறை எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, ஏச்சும் வாங்கினேன். வாழ்க்கையில் நான் நிம்மதியாக வாங்கிய ஏச்சு அது ஒன்றுதான். கொஞ்சக் காலம் இழுபட்டு, திருத்திய வரைபடம் வந்தது. மதகு இருந்தது, முன்பைவிட அகலமாக.

அதன்பிறகு நான் அந்த வீட்டுக்கு உறவினன் மாதிரி ஆகிவிட்டேன். நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரம் வரும். தைப்பொங்கலுக்கு நான் பொங்கல் கொண்டு போவேன். ஊரில் எந்தத் தாளை யார் நீட்டினாலும் அக்கா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “மேல என்ன எழுதிக் கிடக்கு?” கலியாண அழைப்பிதழையும் அப்படித்தான் வாசித்தார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, படிவம் கொண்டுவந்த தாதிப் பிள்ளையை முழுவதும் வாசிக்க வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிரிப்போடுதான் அவரை விட்டு வந்தேன்.

செத்தவீட்டு நாளில் ஊரில் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. வாசலில் ஒரு மேசையில் புதிய கொப்பி ஒன்று விரித்து வைத்திருந்தார்கள், வந்தவர்கள் கையெழுத்திட. வரிசை நீளமாக நின்றது. ஆனால் பேனையை ஒருவரும் தொடவில்லை.

“என்ன அண்ணை?” என்று அந்தோனி அண்ணையிடம் கேட்டேன்.

“மேல ஒண்டும் எழுதிக் கிடக்கேல்லை தம்பி. வெறுந்தாளில வைச்சால் அக்கா எழும்பி வந்து ஏசுவா. நீர் கந்தோர்க்காரன், நீர் எழுதும்.”

பேனையை எடுத்தேன். உள்ளே சவப்பெட்டியில் அவருக்கு மூக்குக்கண்ணாடியையும் போட்டு விட்டிருந்தார்கள். எழுதினேன். அந்தோனி அண்ணை கொப்பியைத் தூக்கி, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வாசித்தார்:

“இதில் கையெழுத்திடுவோர் பிலோமினா அக்காவை வழியனுப்ப வந்தவர்கள் மட்டுமே. அவர் போவதற்குச் சம்மதித்தவர்கள் அல்லர்.”

அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு கொப்பியை மேசையில் வைத்தார்.

“சரி. இதுக்கு வைக்கலாம்” என்று சொல்லி, முதலாவதாகக் கையெழுத்திட்டார்.