நாலு வார்த்தைக்கு ஒரு காலை

பேத்தி காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். போன வாரம் உம்மென்று வந்தாள். யாரோ எழுதி வைத்த முந்நூறு வரி புரோகிராமை நாள் முழுக்க உட்கார்ந்து நாற்பதாகக் குறைத்தாளாம். மேலதிகாரியோ, "இன்னிக்கு எத்தனை வரி எழுதினே?" என்று கேட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே சுக்குத் தூளின் நெடியும் வந்தது.

நெடி என்றால் மட்டாஞ்சேரித் துறைமுகத்து நெடி. ஐம்பதுகளின் கடைசியில், மிளகும் சுக்கும் கப்பலேற்றும் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. கீழே கிடங்கு, மாடியில் ஆபீஸ். தும்மாமல் ஒரு கடிதம் டைப் அடித்தவர் அங்கே கிடையாது. வெளிநாட்டு வியாபாரிகளோடு தந்தியில்தான் பேச்சு. வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால் தடித்த சங்கேதப் புத்தகம் ஒன்று வைத்திருந்தோம். 'சரக்கு ஏறிவிட்டது, பத்திரங்கள் தபாலில் வருகின்றன' என்பதற்கு அதில் ஒரே வார்த்தை இருக்கும். தேடிக் கோத்துத் தந்தி எழுதுவது எனக்கும் சாரதாவுக்கும் வேலை. இருவருமே தற்காலிகம், வருஷக் கடைசியில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். அவள் பாலக்காட்டுப் பெண். அப்பா இல்லை, பள்ளிக்கூடம் போகும் தங்கைகள் இரண்டு பேர். எனக்கோ கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வேலை நிரந்தரமா என்று பெண் வீட்டில் கேட்டிருந்தார்கள்.

அப்போது கோயம்புத்தூரிலிருந்து புது மானேஜர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் மூட்டை எண்ணிப் பழகியவர். யார் எத்தனை வார்த்தை எழுதினார்கள் என்று தினமும் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தார். நான்தான் எப்போதும் முன்னால். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள், மிளகில் ஈரம் அதிகம் என்று லண்டனிலிருந்து புகார் வந்தது. இருவரையும் பதில் எழுதச் சொன்னார். நான் அரை மணியில் நாற்பத்து மூன்று வார்த்தை எழுதி நீட்டினேன். சாரதா கீழே இறங்கிப் போய், மிளகு எத்தனை நாள் காய்ந்தது என்று கிடங்குக்காரரிடம் விசாரித்தாள். புத்தகத்தைப் புரட்டினாள். எழுதினாள், அடித்துத் திருத்தினாள். சாயா ஆறிப்போயிற்று.

"போரும், விடுங்கோ" என்றேன்.

"இதுல அவா திரும்பக் கேக்கறதுக்கு ஒரு இடம் இருக்கு. அதை அடைச்சா மதி, அது போரும்" என்றாள்.

மத்தியானம் நாலு வார்த்தை கொடுத்தாள். மானேஜர் அவளுடையதைத்தான் அனுப்பினார். ஆனால் நோட்டில் எனக்கு நாற்பத்து மூன்று, அவளுக்கு நாலு. மறுநாளே லண்டன்காரர் ஒப்புக்கொண்டதாகப் பதில் வந்தது. நோட்டு மட்டும் அப்படியே இருந்தது. மனசு உறுத்த, மானேஜரிடம் போனேன்.

"சார், அந்த நாலு வார்த்தைக்கு எனக்கு ஒரு வாரம் ஆகும்."

"அடக்கம் நல்லதுதான் தம்பி" என்று முதுகில் தட்டினார்.

அதற்கு அடுத்த நாள் சாரதா ஒரு தந்தி எழுதினாள். கப்பல் கிளம்பிவிட்டது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கடல் அமைதியாக இருப்பதையும் சொல்லி, வியாபாரியின் குடும்ப க்ஷேமமும் விசாரித்திருந்தாள்.

"என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகையா?"

"எண்ணிப் பாருங்கோ சார். அறுபத்தொண்ணு இருக்கு. கால் மணிதான் ஆச்சு."

அவள் சிரிக்கவில்லை. மானேஜர் தாளை வாங்கி எண்ணினார். பிறகு அதைக் கிழித்துவிட்டு, "வழக்கம்போலவே எழுதும்மா" என்றார். நோட்டு மேஜை இழுப்பறைக்குள் போனது. மறுபடி வெளியே வரவில்லை.

வருஷக் கடைசியில் உத்தரவு அவள் பெயருக்கு வந்தது. எனக்கு இரண்டு நாள் வயிற்றெரிச்சல். பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் சொல்கிறேன், அவளைப் போல யோசித்து வேலை செய்தவரை அதற்கப்புறம் போன எந்த ஆபீசிலும் நான் பார்க்கவில்லை.

இப்போது தந்தியே இல்லை. சங்கேதப் புத்தகங்கள் எடைக்குப் போயின. கிடங்கு காப்பிக் கடையாகி, சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். சாரதாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று நான் எழுதிய நாற்பத்து மூன்று வார்த்தையையும் இன்றைக்கும் ஒப்பிப்பேன். அவளுடைய நாலில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.