ஜெயபாரதி தள்ளிவைத்த முள்

அபிராமபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் மணியடிக்கும் ஆயா ஜெயபாரதி. வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அவள் சுத்தியலால் தட்டினால் தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டு சுப்பராமன் அந்த மணிக்குத்தான் ஆபீசுக்குச் செருப்பு மாட்டுவார்.

தொண்ணூற்று நாலில் பத்தாம் வகுப்புக்கு ஏழு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ் என்றார்கள். மணியடித்ததும் கேட்டை மூடிவிட வேண்டும். மூன்று தடவை லேட்டானால் டிசி. மூடும் பாவமும் ஜெயபாரதி தலையில்தான் விழுந்தது. வெளியே நிற்கிற பெண்கள் நின்றபடியே தூங்கி வழிவார்கள். சோம்பேறிகள் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் ஹம்சா. ஜெயபாரதி இரண்டு பெண்களை வளர்த்தவள். அந்த வயசில் ராத்திரி வராத தூக்கம் விடியற்காலையில்தான் வந்து அமுக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

பட்டினப்பாக்கத்துத் தாரணிக்கு இரண்டு லேட் ஆகிவிட்டது. "இன்னொருவாட்டி ஆச்சுன்னா எங்க நைனா மீன் விக்க அனுப்பிடும் ஆயாம்மா" என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது அந்தப் பெண். ஜெயபாரதிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆபீஸ் சுவர்க்கடிகாரத்துக்குத் திங்கட்கிழமைதோறும் சாவி கொடுப்பது அவள்தான். கொடுத்த கையோடு முள்ளை இருபது நிமிஷம் பின்னால் தள்ளிவிட்டாள். அந்தப் பள்ளியில் ஆபீஸ் கடிகாரம் சொல்வதுதான் வேதவாக்கு. டீச்சர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். படித்தவர்களை ஏமாற்றுவது அத்தனை சுலபம்! மூன்று வாரம் ஒருத்தியும் லேட்டில்லை.

நாலாவது வாரம் சுப்பராமன் வந்து குதித்தார்.

"ஒங்க மணிய நம்பி தெனம் பஸ்ஸ விட்டுண்டிருக்கேன்! பஸ்தான் சீக்கிரம் வர்றதுன்னு டிப்போவுக்கு லெட்டர் வேற எழுதிட்டேன்!"

ஹம்சா ஜெயபாரதியைப் பார்த்தார்.

"நான்தாம்மா பண்ணேன். வேலைய விட்டு அனுப்புனாலும் சரி. பசங்க தூங்கிக்கினே நிக்குதுங்கம்மா, பாக்க முடியல."

ஹம்சா லேட் ரிஜிஸ்டரைப் புரட்டினார். மூன்று வாரமும் காலி. "கடிகாரத்த சரியா வச்சுடு" என்றார். ஜெயபாரதி ஸ்டூலில் ஏறி முள்ளை முன்னால் தள்ளும்போது ஹம்சாவே சொன்னார்: "திங்கட்கிழமைலேர்ந்து கிளாஸ் ஏழரைக்கு."

அந்தத் திங்கட்கிழமை ஜெயபாரதி வழக்கம்போல நாலு மணிக்கு விழித்தாள். இனிமேல் ஏழரைக்குத்தானே, அரைமணி கூடுதலாக இருக்கிறதே என்று புரண்டு படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ராயப்பேட்டையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தவள் தெருமுனையைத் தொடும்போதே மணி அடித்துவிட்டது. கேட்டையும் மூடிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கம்பிக்கு வெளியே நின்றாள்.

வேப்பமரத்தடியில் சுத்தியலும் கையுமாக ஹம்சா. "நீ வரலைன்னதும் பயந்தே போயிட்டேன் ஜெயா" என்றார்.

தாரணி ஓடிவந்து கேட்டைத் திறந்துவிட்டாள்.